வீட்டுக்கு அடியில் இருந்த கைகள்

ஃபோன் கொமியே
7 மே 1893

நோநோ,

கருவூல ஆபீசில் உன்னை மிஸ்டர் ஒனோரே என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டும். எனக்கு நீ நோநோதான். என் எழுத்து கோணிக்கொண்டு போகிறது என்று சிரிக்காதே. புதுநன்மை வாங்கியதும் கன்னியாஸ்திரீகள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உன்னை வைத்துக்கொண்டார்கள். வாசித்தால் விளங்கும், அது போதும்.

அமீனா வந்துபோனான். வீட்டு வரி பாக்கிக்கு வீட்டை ஜப்தி பண்ணப்போவதாகக் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறான். பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆரோரூட் கிழங்கு தோண்டி மாவாக்கி விற்கும்வரை பொறுக்கச் சொல்லித்தான் தெயோதூல் கேட்டார். "நான் விவசாயம் பாக்க வரல" என்றான் அமீனா. ரோஸோப் பட்டணத்திலிருந்து நம் பக்கம் வர ஒரு பாதை கிடையாது, பாலம் கிடையாது, வைத்தியர் கிடையாது. வரிக்காரனுக்கு மட்டும் எப்படியோ வழி தெரிந்துவிடுகிறது.

உன் மச்சான் தெயோதூலைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து தானாகவே சிரிக்கிறார்.

"என்ன சிரிப்பு? வீடு போகப்போகுது" என்றேன்.

"போகத்தான் போகுது, எலோடி. அவன் வர்றதுக்கு முந்தி நாமளே கொண்டு போயிடுவோம்" என்றார்.

நாலு கல்லின்மேல் நிற்கிற பலகை வீடுதானே, அப்படியே தூக்கிவிடுவதுதான் யோசனை. நம் முழங்கால் ஆழ ஆற்றுக்கு அக்கரையில் ஃபெலிசியேன் நிலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அவர் வரி பாக்கியில்லாதவர், அங்கே கால் வைக்க அமீனாவுக்கு ரோஸோ போய் வேறு காகிதம் வாங்க வேண்டும். அதற்குள் மாவு விற்றுவிடும். ஃபெலிசியேன் உடனே சரி என்றுவிட்டார். நம் பிள்ளை அனெத்துக்கு ஞானத்தகப்பன் ஆச்சே, இல்லையென்று சொல்வாரா?

"அமீனா வந்து பாத்தா நாலு மூலைக் கல்லு மட்டும் இருக்கும். அந்தக் கல்லுங்களுக்குக் காகிதத்தப் படிச்சுக் காட்டட்டும். நல்ல சனங்க, எதுத்துப் பேசாது" என்றார் தெயோதூல். இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்று எனக்கு உத்தரவு. வீட்டைத் தோளில் வாங்கும் நேரத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைக்க வேண்டுமாம். சிரித்தால் பாரம் குறையுமாம். உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னிடம் சொன்னால் யாரிடமும் சொன்னதாகாது.

பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை விடிந்ததும் சங்கு ஊதிக் கைகொடுக்கக் கூப்பிடுவோம். பன்றி அடிக்க வழியில்லை. சேப்பங்கிழங்கும் உப்பு மீனும் வேகவைக்கிறேன். ரம் ஃபெலிசியேன் பொறுப்பு. உனக்கு லீவு கிடைத்தால் வா. தூக்காவிட்டாலும் பரவாயில்லை, நின்று பாட்டுக்கு எதிர்ப்பாட்டுப் பாடு.

எலோடி


ரோஸோ
12 மே 1893

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மச்சானுக்கு இது விளையாட்டாக இருக்கிறது. ஆனால் இங்கே நிலைமை அப்படி இல்லை. கஜானா காலி. அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்கவே கடன் வாங்குகிறார்கள். காற்றடிக்கும் கிழக்குக் கரையில் உள்ளவர்கள் வரி கொடுக்காமல் அரசாங்கத்தைக் கேலி செய்கிறார்கள் என்று மேலிடத்தில் கோபமாக இருக்கிறார்கள். ஜப்தியில் உள்ள சொத்தை இடம் மாற்றுவது குற்றம்.

நான் இந்த நாற்காலியில் உட்கார எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியும். நம் நிறத்தில் இந்த ஆபீசில் நான் ஒருவன்தான். என் குடும்பத்திலேயே இப்படி நடந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் மச்சானிடம் சொல். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். காரணம் கேட்காதே. தபாலை நாளை போகும் ஆளிடமே கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
ஒனோரே


ஃபோன் கொமியே
24 மே 1893

நோநோ,

உன் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது. மலையில் மழை, மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஆறு நிரம்பிவிட்டது, தபால்காரன் நாலு நாள் அங்கேயே தங்கிவிட்டான். நான் அதைப் பிரித்தபோது தெயோதூலைக் கழுவிப் படுக்க வைத்திருந்தோம்.

பங்குச் சாமியார் உனக்கு ஆள் அனுப்பினார் என்கிறார். அவர் என்ன சொல்லி அனுப்பினாரோ, நான் சொல்கிறேன் கேள். நான் பக்கத்தில் நின்றவள்.

விடிந்ததும் சங்கு ஊதினோம். மேட்டிலிருந்து, கரையிலிருந்து, எல்லாரும் வந்தார்கள். எப்போதும் வருகிற மாதிரிதான் வந்தார்கள். நீளக் கழி, கயிறு, இடுப்பில் வெட்டுக்கத்தி. கத்தி இல்லாமல் நம் ஊரில் யார் வெளியே போகிறான்? வீட்டுக்கு அடியில் கழிகளைச் செருகிக் கட்டினார்கள். நான் அனெத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பானை சட்டியை வெளியே எடுத்தேன். மாதா படத்தை மட்டும் சுவரிலேயே விட்டேன், வீட்டோடு வரட்டும் என்று. பாட்டு எடுத்தார்கள். வீடு எழும்பியது. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இருந்தாலும் என் வீடு கால் முளைத்து நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மச்சான் முன்கழியில். "கொஞ்சம் இருங்கடா, ஒரு விசயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். கல்லுக்குப் படிக்கிற அந்த வேடிக்கையைத்தான் சொல்ல வந்தார்.

அப்போது கரையிலிருந்து அவர்கள் ஏறி வந்தார்கள். போலீஸ் மட்டும் இல்லை, போர்க்கப்பல் மாலுமிகள், துப்பாக்கியோடு. விரிகுடாவில் கப்பல் வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வீட்டின்மேல் இருந்தது.

அதிகாரி இங்கிலீஷில் கத்தினான். கையைத் தூக்கு என்றானாம், சாமியார் பிறகு சொன்னார். தெரிந்திருந்தாலும் எப்படித் தூக்குவார்கள், நோநோ? எல்லார் கையும் வீட்டுக்கு அடியில். விட்டால் பின்னால் இருப்பவன்மேல் விழும். கையைத் தூக்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவன் இன்னொரு தடவை கத்தினான். பின்பக்கம் ஒரு பையனுக்குப் பயம் வந்து கையை விட்டுவிட்டான். வீடு சாய்ந்தது. "கயித்த அறு, கயித்த அறு" என்று தெயோதூல் கத்தினார். கழி கழன்றால் எல்லாரும் வெளியே குதித்துவிடலாம். மூன்று பேர் கத்தியை உருவினார்கள், கயிற்றை அறுக்க. கத்தியைப் பார்த்ததும் அவர்கள் சுட்டுவிட்டார்கள்.

கயிற்றை அறுத்த மூன்று பேரையும் சங்கிலி போட்டுக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கலகம் செய்தார்களாம். சங்கு ஊதிக் கூடினார்களாம், ஆயுதம் வைத்திருந்தார்களாம்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். வியாழக்கிழமை வேண்டாம் என்று நீ எழுதியிருக்கிறாய். ஆகவே உன் ஆபீசில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. யார் போய்ச் சொன்னது? எங்களோடு சாப்பிட்டவன் எவனோ ஒருவன் சொல்லியிருக்கிறான். ஊரே இதைத்தான் பேசுகிறது. விசாரித்து எழுது. அது தெரிந்தால்தான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கும்.

எலோடி


ரோஸோ
3 ஜூன் 1893

அன்புள்ள அக்காவுக்கு,

என் துக்கத்தை எழுத வார்த்தை இல்லை. மச்சானின் ஆன்மா இளைப்பாறப் பேராலயத்தில் பூசை வைத்தேன். கறுப்புத் துணியும் கோதுமை மாவும் அனுப்பியிருக்கிறேன். என் பெயரை வெளியே சொல்லாமல் வாங்கிக்கொள்.

நீ கேட்டதைப் பற்றி நான் அதிகம் எழுத முடியாது. இங்கே எல்லாம் ரகசியம். வியாழக்கிழமை என்று ஒரு பேச்சு என் காதில் விழுந்தது, அவ்வளவுதான், அதனால்தான் எழுதினேன். யார் என்று பெயர் சொல்ல நான் ஆளில்லை. நீயே யோசித்துப் பார். எல்லாரும் கழிக்கு அடியில் இருந்தபோது அக்கரையில் நின்றவன் யார்? வரி பாக்கி இல்லாமல், அரசாங்கத்தோடு சுமுகமாக இருப்பவன் யார்? இதற்குமேல் என்னைக் கேட்காதே. வாசித்ததும் எரித்துவிடு.

ஒனோரே


ஃபோன் கொமியே
10 செப்டம்பர் 1893

நோநோ,

மூன்று பேருக்கும் தண்டனை போட்டுவிட்டார்கள். நாங்கள் பார்க்கவே முடியாத வருஷக்கணக்கு. அமீனா திரும்பி வந்து, உடைந்துபோன என் வீட்டுப் பலகைகளை வரிக்கு ஈடு என்று கட்டி எடுத்துப்போனான். சுவரிலிருந்த மாதாவைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். "சுவரோட இருந்தா சுவரோட சேத்தி" என்றான். இப்போது நானும் அனெத்தும் கோயிலுக்குப் பின்னால், சாமியார் கொக்கோ உலர்த்தும் கொட்டகையில் இருக்கிறோம்.

நீ எழுதியதை நான் எரித்தேன். ஆனால் மனதில் இருப்பதை எப்படி எரிப்பது? ஃபெலிசியேன் அக்கரையில்தான் இருந்தார். மூலைக் கல் நட்டுக்கொண்டிருந்தார், வீட்டை இறக்கி வைக்க. அவர் அங்கே இருந்தாக வேண்டியவர்தான். எனக்கு அது தெரியும். ஆனாலும் நீ எழுதினாயே. நீ காரணமில்லாமல் எழுதுவாயா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் வள்ளிக்கிழங்கு கொண்டுவந்தபோது கதவைச் சாத்தினேன். "மதாம் தெயோதூல், நான் என்ன செஞ்சேன்?" என்று வெளியே நின்று கேட்டார். எப்போதும் எலோடி என்றுதான் கூப்பிடுவார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். அதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் சங்கு ஊதினால் ஒருவரும் போகவில்லை. தோட்டத்தில் அவர் தனியாகக் கிழங்கு தோண்டினார், அவர் மனைவி லெயோனீஸ் தனியாகச் சுமந்தாள். அவர் படகில் யாரும் ஏறவில்லை. கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் எழுந்து போனார்கள். போன வாரம் அவர் மார்த்தினிக் போகும் பாய்க்கப்பலில் ஏறிவிட்டார். அங்கிருந்து காயேன், தங்கச் சுரங்கத்துக்கு. அங்கே போனவர்களில் காய்ச்சலுக்குத் தப்பித் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும்.

போவதற்கு முன் அனெத்துக்கு முத்தம் கொடுக்க வந்தார். நான் கொடுக்க விடவில்லை. லெயோனீஸ் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் செய்தது சரிதானே? ஒரு வரி எழுது.

எலோடி


ரோஸோ
20 நவம்பர் 1893

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. லண்டனிலிருந்து ஒரு துரையை அனுப்புகிறார்கள். இந்தத் தீவின் வரவு செலவு ஏன் இப்படிச் சீர்கெட்டது, வரி நியாயமா, உங்கள் ஊரில் ஏன் இரத்தம் சிந்தியது, எல்லாவற்றையும் அவர் விசாரிப்பார். பெரிய மனிதர், பாரபட்சம் இல்லாதவர் என்கிறார்கள். கூடியது கலகத்துக்கு அல்ல என்று அவர் நம்பினால் மூன்று பேருக்கும் விடுதலை கிடைக்கலாம். உங்கள் சாமியார் உன் பெயரைச் சாட்சியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று. விசாரணைக்கு என்னைத் துபாஷியாகப் போட்டிருக்கிறார்கள். நம் பேச்சை இங்கிலீஷில் சொல்வதும் இங்கிலீஷை நம் பேச்சில் சொல்வதும் என் வேலை. எனக்கு இது பெரிய கௌரவம். நாம் அக்கா தம்பி என்று தெரிந்தால் என்னை மாற்றிவிடுவார்கள். வேறு எவனாவது வந்து உன் பேச்சைக் கெடுப்பான். ஆகவே என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. விசாரணை முடிந்ததும் என் வீட்டுக்கும் வர வேண்டாம். நீ சொல்வதை ஒரு சொல் குறையாமல் சொல்வேன். நம்பு.

ஒனோரே


ஃபோன் கொமியே
17 டிசம்பர் 1893

ஒனோரே,

மலையேறி வந்தேன், மலையிறங்கி வீடு சேர்ந்தேன். கால் வீங்கியிருக்கிறது. அதற்காக எழுதவில்லை.

அந்தக் கூடத்தில் உன்னை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்ளைக் காலர், எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலை. "மதாம், உங்க பேரைச் சொல்லுங்க" என்றாய். சொன்னேன். உன் முகத்தைப் பார்த்து என் பெயரைச் சொன்னேன்.

துரை நல்லவராகத்தான் இருந்தார். நாற்காலி போடச் சொன்னார். தோட்டத்தில் என்ன விளைகிறது, என்ன விலை போகிறது என்று கேட்டார். "நீங்கள் கொடுக்கும் வரி எதற்குச் செலவாகிறது என்று தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருந்தா உங்கள எதுக்கு லண்டன்லேர்ந்து வரவழைக்கிறாங்க?" என்றேன். நம் ஆட்கள் சிரித்தார்கள். நீ இங்கிலீஷில் சொன்னாய். பிறகு துரையும் சிரித்தார். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் தம்பி வாய் வழியாக என் பேச்சு அந்தப் பக்கம் முழுசாகப் போய்ச் சேருகிறது என்று நினைத்தேன். அதனால் பயமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, கழி, கை, கயிறு.

துரை பேனாவைக் கீழே வைத்தார். "வீடு தூக்கத்தான் கூடப்போகிறோம் என்று அதற்கு முன்னாலேயே வெளியூரில் யாரிடமாவது சொல்லியிருந்தாயா? அப்படி ஒருவர் இருந்து, வந்து சாட்சி சொன்னால், அந்த மூன்று பேர் பக்கம் வலுவாக இருக்கும்" என்று கேட்டார். நீதான் இதை நம் பேச்சில் எனக்குச் சொன்னாய்.

தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று நீ எழுதியதையும் மறந்துவிட்டேன். மூன்று பேர் சிறையில் இருக்கிறார்கள், ஒனோரே. "ஆமாங்க. என் தம்பிக்கு எழுதினேன். அவன் இங்கதான் இருக்கான்" என்றேன். நம் ஆட்கள் பக்கத்தில் எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். நீ மேஜையைப் பார்த்தாய். பிறகு துரையிடம் என்னவோ சொன்னாய். ரொம்பச் சின்னதாக இருந்தது. துரை தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார், போகச் சொன்னார். அவ்வளவுதானா என்று இருந்தது. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் ரொட்டிக்கடை ஆகஸ்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். அன்டிகுவாக்காரி, இங்கிலீஷ் அவள் தாய்ப்பேச்சு. கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நம் பேச்சு அவளுக்குக் கடைக்கு வேண்டிய அளவு வரும்.

"நல்லா பேசினே, பொண்ணே! துரையையே சிரிக்க வச்சுட்டியே! ஆனா கடைசில ஏன் அப்படிச் சொதப்புனே?" என்றாள்.

"என்ன சொதப்புனேன்?"

"நெனப்பு இல்லன்னு சொல்லிட்டியே. யாருகிட்ட சொன்னேன்னு நெனப்பு இல்லன்னு."

"நான் அப்படிச் சொல்லல."

"அந்த அழகான துபாஷி அப்படித்தான் சொன்னான். என் காது என்ன செவிடா? துரை மூஞ்சி சுருங்கிப்போச்சு. இவ்வளவு நேரம் பொளந்து கட்டுனவளுக்கு இது மட்டும் நெனப்பு இல்லியான்னு." பிறகு அவளே ஒரு ரொட்டியைப் பிட்டு என் கையில் கொடுத்து, "உன் புருசனும் உன்ன மாதிரிதான் போல, வாய்க்காரன். அந்தப் போலீஸ் அதிகாரி காலையில சொன்னானே. அமீனா காகிதத்தக் கல்லுங்களுக்குப் படிச்சுக் காட்டட்டும்னு உன் புருசன் கேலி பண்ணினதா மொதல்லயே தகவல் வந்துச்சாம். அதுக்குத்தான் கப்பலக் கூப்பிட்டாங்களாம். துபாஷி அத உங்க சனங்களுக்குச் சொல்லவே இல்ல. ஏன்னு தெரியல. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு" என்றாள்.

அந்த ரொட்டி என் கையிலேயே இருந்தது.

அந்த வேடிக்கையை அவர் என்னிடம் அடுப்படியில் சொன்னார். வியாழக்கிழமை சொல்ல வைத்திருந்தார். வாயைத் திறந்தபோதே அவர்கள் துப்பாக்கியோடு வந்துவிட்டார்கள். அது பூமியில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருத்தி நான்.

அவரை நினைத்து நீ சிரிப்பாய் என்று உனக்கு எழுதினேன். நீ அதை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறாய்.

ஆகஸ்டாவிடம் உன்னை யார் என்று சொல்லவில்லை. இப்போது உன்னை நினைத்து அழுவதைவிட அவசரமான வேலை எனக்கு இருக்கிறது. துரை கிறிஸ்மஸ்வரை ரோஸோவில் இருப்பாராம். போய்ச் சொல். நான்தான் தம்பி, எனக்குத்தான் எழுதினாள், வீடு தூக்கத்தான் கூடினார்கள் என்று சொல். உன் வேலை போகும். போகட்டும். வா, இங்கே கிழங்கு இருக்கிறது, சாப்பிடலாம். அந்த மூன்று பேரின் பிள்ளைகளுக்கு அப்பன் வேண்டும்.

எலோடி


ரோஸோ
8 ஜனவரி 1894

அன்புள்ள அக்காவுக்கு,

துரை புறப்பட்டுவிட்டார். உன் கடிதம் முன்பே வந்திருந்தாலும் நீ கேட்டதைச் செய்திருக்க முடியாது.

நான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் பயந்தேன். ஜப்திச் சொத்தை நகர்த்தினால் மச்சானைச் சிறையில் போடுவார்கள். முன்பே ஒரு அதிகாரியிடம் ஜாடையாகச் சொல்லி வைத்தால் ஒரு போலீஸ்காரனை அனுப்பித் தடுத்துவிடுவார்கள், வழக்கு வராது என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் துருவிக் கேட்டார். பேச்சுவாக்கில் சொன்னேன். கப்பலை வரவழைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததும் உனக்கு எழுதினேன் அல்லவா? ஆறு பெருகியதற்கு நானா பொறுப்பு?

விசாரணையில் நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? அத்தனை பேர் முன்னால் நீ என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தாய். சொல்லாதே என்று எழுதியிருந்தேன். நான் அழிந்துபோனால் மச்சான் எழுந்து வருவாரா?

அன்டிகுவாவில் தலைமை ஆபீசுக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். அடுத்த கப்பலில் போகிறேன். உனக்கு வேண்டியதை அங்கிருந்து அனுப்புவேன். என் கடிதங்களை எரித்துவிடு. உன் நன்மைக்கும்தான் சொல்கிறேன்.

உன் தம்பி,
ஒனோரே


ஃபோன் கொமியே
12 ஆகஸ்ட் 1894

நோநோ,

அன்டிகுவா விலாசம் எனக்குத் தெரியாது. தலைமை ஆபீஸ் என்று எழுதிக் கப்பல்காரனிடம் கொடுக்கிறேன். நீ அனுப்பிய மாவு இரண்டு தடவை வந்தது. கோயிலில் கொடுத்துவிட்டேன்.

துரையின் அறிக்கை வந்துவிட்டதாம். சாமியார் பேப்பரில் வாசித்து எங்கள் பேச்சில் சொன்னார். இந்தத் தீவின் பணத்தை அரசாங்கம் சரியாக நடத்தவில்லை, வரி ஏழைகளைக் கசக்குகிறது, குறைக்க வேண்டும், பாதை போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாராம். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மூன்று பேரைப் பற்றி என்று நான் கேட்டேன். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சிகள் முக்கியமான இடத்தில் மழுப்பினார்கள், தண்டனையில் தலையிட முகாந்திரம் இல்லை என்று இருக்கிறதாம்.

மழுப்பியவள் நான்தான். பேப்பரில் வந்துவிட்டது.

நான் கோபமாக எழுதவில்லை. கோபம் ஈஸ்டர்வரை இருந்தது. அதற்குப் பிறகு உடம்பில் பலம் இல்லை. ஆனால் அன்றைக்குச் சாமியார் வாசித்து முடித்ததும் கூட்டத்தில் ஒருவன், "எல்லாம் அந்த ஃபெலிசியேன் பண்ணுன வேல. காயேன்ல பாம்பு கடிச்சுச் சாகணும்" என்றான். லெயோனீஸ் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

நேற்றுக் காலை நானே சங்கு ஊதினேன்.

எல்லாரும் கழியும் கயிறும் கொண்டுவந்தார்கள். "எலோடிக்கு வீடு கெடச்சிருச்சா? எங்க இருக்கு, தூக்குவோம்" என்று ஒரே சத்தம். லெயோனீஸையும் ஆள் விட்டுக் கூட்டிவரச் சொன்னேன். அவள் வந்து ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"தூக்க வீடு இல்ல. ஒரு பாரம் இருக்கு, நான் ஒருத்தியா தூக்க முடியல" என்றேன். சொன்னேன், நோநோ. நான் உனக்கு எழுதியதை, நீ போய்ச் சொன்னதை, விசாரணையில் நடந்ததை. ஃபெலிசியேனைப் பற்றி நீ எழுதியதையும், அதை நம்பி நான் கதவைச் சாத்தியதையும். யார் மேலேயும் தூக்கிப் போடாமல் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. அப்படிக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கிழவர், "நம்ம ஒனோரேயா? நம்ம கோயில்ல பூசைக்கு மணி அடிச்ச பையனா?" என்று இரண்டு தடவை கேட்டார். பாம்பு கடிக்க வேண்டும் என்று சொன்னவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஒருவர் பின் ஒருவராகக் கழிகளைச் சுமந்துகொண்டு போனார்கள்.

லெயோனீஸ் மட்டும் போகவில்லை. எழுந்து என்னிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ள நின்றேன். அவள் அடிக்கவில்லை.

"போய்ச் சொன்னான், சரி. உத்தியோகத்துக்குப் பயந்திருப்பான். பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அந்தத் துரைகிட்ட மாத்திச் சொன்னான், அதுவும் சரி. எதிர்ல துரை உக்காந்திருந்தாரு, வழியில்ல. ஆனா நீ அவனுக்கு எழுதிக் கேட்டப்போ அவனைச் சுத்தி யாரு நின்னா? துப்பாக்கி இருந்துச்சா? தெரியாதுன்னு ஒரு வார்த்த எழுதிப் போட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும். எம் புருசனை எதுக்கு இழுத்தான்?"

நான் உள்ளே போய் உன் கடைசிக் கடிதத்தை எடுத்து வந்து தேடினேன்.

"கேட்டு எழுது. நான் இருக்கேன்" என்றாள்.

நேற்றிலிருந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அனெத் அவள் மடியில் தூங்குகிறாள். காயேனிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்க்கிறாள்.

மற்றதற்கெல்லாம் நீ காரணம் சொல்லிவிட்டாய். ஆபீஸ் என்றாய், பயம் என்றாய், ஆறு என்றாய். இதைப் பற்றி மட்டும் அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

ஃபெலிசியேன் உனக்கு என்ன செய்தார், நோநோ?